உண்ணி மருந்து: யாருக்கு மருந்து, யாருக்கு எமன்

போன சித்திரையில் வெயில் கொளுத்தி, நடுவில் இரண்டு கோடை மழை பெய்து ஓய்ந்த வாரம். எங்கள் தெரு சேலத்தில் அம்மாப்பேட்டைப் பக்கம், தறிச்சத்தம் கேட்கிற தெரு, வீட்டுக்கு வீடு ஒரே சுவர். பக்கத்து வீட்டு அக்கா காலையிலேயே ஓடிவந்து, "தம்பி, யாரோ எலி மருந்து வெச்சுட்டாங்க போல, பூனை ஒரு மாதிரி இழுத்துக்கிட்டு கெடக்குது, வந்து பாருப்பா" என்றார். போய்ப் பார்த்தால் தறிக்குழி ஓரமாகப் பூனை படுத்திருந்தது. காது மட்டும் தனியாகச் சுண்டிக்கொண்டே இருந்தது, ஈ உட்கார்ந்தால் சுண்டுமே அது மாதிரி, ஆனால் ஈ எதுவும் இல்லை. முதுகில் கை வைத்தேன், தோல் அலை அலையாக ஓடியது. உடம்பு கொதித்தது. பின்னங்கால் இரண்டும் விட்டுவிட்டு உதறின.

எலி மருந்தை யாரும் வைக்கவில்லை. முந்தின நாள் சாயங்காலம் அந்த வீட்டு நாயின் பிடரியில் உண்ணி மருந்து ஊற்றியிருக்கிறார்கள். ராத்திரி வழக்கம்போலப் பூனை நாயின் கழுத்தோடு ஒட்டிப் படுத்திருக்கிறது, நக்கியும் விட்டிருக்கிறது. நடந்தது அவ்வளவுதான்.

குப்பையில் தேடி மருந்துப் பெட்டியை எடுத்தோம். முன்பக்கம் பெரிய எழுத்தில் மருந்தின் பெயர், ஒரு நாய்ப் படம். பின்பக்கம் கண்ணைச் சுருக்கிப் பார்க்க வேண்டிய எழுத்தில் அதில் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்ற விவரம். இரண்டாவதாக இருந்த பெயர் பெர்மெத்ரின். பூனைக்கு ஆகாது என்று ஒரு வரியும் இருந்தது, ஆங்கிலத்தில். அக்காவுக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. பூனை வளர்க்கிறவர்கள் ஒரே ஒரு மருந்துப் பெயரை மனப்பாடம் செய்யலாம் என்றால் அது பெர்மெத்ரின்தான்.

உண்ணி மருந்து என்று நாம் பொதுவாகச் சொல்கிறோமே, அப்படி ஒரு மருந்து கிடையாது. உள்ளே இருப்பது ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத ஏழெட்டு விதமான ரசாயனங்கள். ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகப் பூச்சியைக் கொல்லும், ஒவ்வொன்றும் வேறொரு பிராணிக்கு ஆபத்து. கடையில் கேட்க வேண்டியது "எது நல்ல மருந்து" என்று இல்லை. இதில் என்ன இருக்கிறது, எந்தப் பிராணிக்கு, எத்தனை கிலோவுக்கு, இந்த மூன்றும்தான்.

பெர்மெத்ரினின் மூலம் தேடிப் போனால் சாமந்தி இனத்துக்கு உறவான ஒரு வெள்ளைப் பூவில் போய் நிற்கும். அதைக் காயவைத்துப் பொடித்துத் தூவினால் பூச்சி சாகும் என்பது பழைய சங்கதி. ஆனால் அந்தப் பூவின் சத்துக்கு வெயில் பட்டால் வீரியம் போய்விடும். வெயிலைத் தாங்குகிற மாதிரி அதையே ஆய்வகத்தில் செய்து காட்டினார்கள், இங்கிலாந்தில் ரோதம்ஸ்டெட் ஆராய்ச்சி நிலையத்தில் மைக்கேல் எலியட்டின் குழு, 1973இல். அதுதான் பெர்மெத்ரின். பூச்சியின் நரம்பில் சோடியம் போய்வருகிற கதவை இது மூடவிடாமல் பிடித்துக்கொள்ளும், நரம்பு ஓயாமல் துடித்தே பூச்சி செத்துப்போகும். நாய்க்கும் நமக்கும் கல்லீரல் இதை உடைத்து, கரையும்படி மாற்றி, வெளியே தள்ளிவிடுகிறது. பூனைக்கு அந்த மாற்றும் வேலையைச் செய்கிற என்சைம் மிகவும் குறைவு. பாரசிட்டமால் மாத்திரை ஒன்றே ஒரு பூனையைக் கொன்றுவிடும் என்பதற்கும் இதே குறைதான் காரணம். ஆக மருந்து உடம்பிலேயே தங்கும், பூச்சிக்கு நடக்க வேண்டிய துடிப்பு பூனைக்கு நடக்கும்.

கணக்குப் போட்டால் இன்னும் தெளிவாகத் தெரியும். நாய்க்கு விற்கிற பெர்மெத்ரின் சொட்டு மருந்துகளில் சாதாரணமாக 45 முதல் 65 சதவீதம் வரை பெர்மெத்ரின் இருக்கும். 45 சதவீத மருந்து ஒரு மில்லி என்றால் 450 மில்லிகிராம். நாலரைக் கிலோ பூனையின் மேல் அந்த ஒரு மில்லி பட்டால் கிலோவுக்கு 100 மில்லிகிராம், அது உயிருக்கே ஆபத்தான அளவு. ஒரு மில்லி என்பது இருபது சொட்டு. நாய்க்கு வாங்கியதில் மிச்சம் இருக்கிறதே, பூனைக்கும் நாலு சொட்டு விடுவோம் என்று நினைக்கிற வீடு எத்தனை இருக்கும்!

அதற்காகப் பெர்மெத்ரின் வகை மருந்து எல்லாமே பூனைக்கு விஷம் என்றும் இல்லை. ஃப்ளூமெத்ரின் சேர்ந்த கழுத்துப்பட்டை ஒன்று பூனைக்கென்றே அனுமதிக்கப்பட்டு விற்கிறது, அது கொஞ்சம் கொஞ்சமாகக் கசிகிற மாதிரி செய்திருப்பதால் தாங்குகிறது. பூனைக்கு ஃபிப்ரோனில் இருக்கிறது, தெள்ளுப்பூச்சிக்குச் செலமெக்டின் இருக்கிறது, பெட்டியில் பூனைக்கு என்று போட்டதை எடைக்குப் பார்த்து வாங்கினால் போதும். ஃபிப்ரோனில் நாய்க்கும் பூனைக்கும் ஆகும், முயலுக்கு ஆகவே ஆகாது. மாடியில் முயல் கூண்டு வைத்திருக்கிற வீடுகள் இங்கே நிறைய, அதனால் சொல்கிறேன். மீன் தொட்டி இருக்கிற அறையில் பெர்மெத்ரின், சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின் எதையும் தெளிக்காதீர்கள், மீனுக்கு அது துளியிலும் எமன்.

சரி, அக்கா ஏன் அந்த மருந்தை ஊற்றினார்? அசட்டையில் இல்லை. அந்த மாதத்தில் அது மூன்றாவது மருந்து. முதலில் ஷாம்பு, பிறகு பவுடர், இரண்டுக்கும் உண்ணி குறைந்த மாதிரி இருந்து பத்து நாளில் திரும்ப வந்துவிட்டது. "மருந்து கேக்கல" என்று கடையில் போய்ச் சொன்னபோது இன்னும் பலமானதாகக் கொடுத்திருக்கிறார்கள். நான் பார்த்தவரை விஷமாகிப் போன சம்பவங்களில் பாதிக்கு மேல் இந்த இடத்தில்தான் ஆரம்பிக்கின்றன. மருந்து வேலை செய்திருக்கும். உண்ணி நாயின் மேல் இல்லை, வீட்டில் இருக்கிறது, அதுதான் விஷயம்.

நம் ஊரில் நாய் மேல் சாதாரணமாகப் பார்ப்பது பழுப்பு நிற நாய் உண்ணி. முட்டையிலிருந்து வந்த, கடுகைவிடச் சின்னக் குஞ்சு நாய் மேல் ஏறி ரத்தம் குடிக்கும், இறங்கிப் போய்த் தோல் உரிக்கும். அடுத்த வளர்ச்சிக் கட்டத்தில் திரும்ப ஏறும், குடிக்கும், இறங்கும். பெரிதானதும் மூன்றாவது தடவை ஏறும். ரத்தம் குடித்து ஆமணக்கு விதை மாதிரி ஊதிப்போன பெண் உண்ணி கீழே விழுந்து, நடந்து, சுவர் ஏறி, ஏதாவது ஒரு சந்தில் நுழைந்து முட்டையிடும், ஆயிரக்கணக்கில், 4000 வரைகூட. வெயில் காலத்தில் இந்தச் சுற்று முழுவதும் இரண்டு மாதத்தில் முடிந்துவிடும், இரை கிடைக்காவிட்டாலும் பெரிய உண்ணி மாதக்கணக்கில் காத்திருக்கும். பல உண்ணிகளுக்குக் காடு, புல் வேண்டும். இதற்கு வீடே போதும், சிமெண்டுத் தரையும் சுண்ணாம்புச் சுவரும் இருந்தால் குடும்பம் நடத்திவிடும்.

அக்கா வீட்டில் அன்று மத்தியானம் காலண்டரைத் தூக்கிப் பார்த்தோம். ஆணி அடித்த இடத்தில் காரை பெயர்ந்து ஒரு ரூபாய் அகலத்துக்குக் குழி, அதற்குள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு உண்ணிகள், ஓரத்தில் ஜவ்வரிசி சின்னதாகப் பொரிந்த மாதிரி பழுப்பு முட்டைக் கொத்து. அங்கே இருந்து தரைக்கு ஆறடி. நாயின் மேல் என்ன ஊற்றினாலும் அந்தக் குழிக்குப் போய்ச் சேராது.

இது தெரிந்துவிட்டால் அவசரம் குறையும். உண்ணி திரும்ப வந்தது என்றால் மருந்தைக் கூட்ட வேண்டியதில்லை, ஒரே சரியான மருந்தை அதன் இடைவெளி தவறாமல் மூன்று நான்கு மாதம் தொடர வேண்டும். சுவரில் இருக்கிறது ஒவ்வொன்றும் ரத்தத்துக்கு நாயிடம் வந்தே ஆக வேண்டும், வரும்போது சாகும். கூடவே சுவர்ச் சந்தைச் சிமெண்டு பூசி அடையுங்கள், நாய் படுக்கிற சாக்கை வாரம் ஒரு தடவை கொதிக்கிற தண்ணீரில் போடுங்கள், கட்டில் காலையும் கதவு நிலையையும் கவனியுங்கள். கண்ணில் பட்ட உண்ணியை விரலால் நசுக்க வேண்டாம், சோப்புத் தண்ணீரில் போட்டு மூடிவிடுங்கள். கடித்துக்கொண்டிருப்பதை எடுக்கச் சின்ன இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்தால் போதும். மண்ணெண்ணெய் விடுவதும், ஊதுபத்தி நெருப்பு வைப்பதும் நாயின் தோலைத்தான் புண்ணாக்கும்.

அடுத்தது மாட்டு மருந்து. ஏற்காட்டில் சொந்தக்காரர் ஒருவர் காபித் தோட்டத்தில் வேலை பார்க்கிறார், இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறிப் போனால் பனி, புல், காட்டெருமை நடமாட்டம், காவலுக்கு நான்கைந்து நாய்கள். மழை விட்டதும் புல்லில் இருந்து உண்ணி ஏறும், வீட்டு உண்ணி மட்டும் இல்லாமல் காட்டு வகையும் சேர்ந்து. அங்கே நாய்க்கென்று தனி மருந்து வாங்குகிற வழக்கம் இல்லை, மாட்டுக்கு வாங்கிய அமிட்ராஸ் புட்டியில் இருந்து "ஒரு மூடி" பக்கெட்டில் ஊற்றிக் குளிப்பாட்டுவார்கள். அமிட்ராஸ் நாய்க்கும் கொடுக்கிற மருந்துதான், கெட்டது என்று சொல்லவில்லை. ஆனால் புட்டியில் இருப்பது 12.5 சதவீதம், நாயின் மேல் படும் தண்ணீரில் இருக்க வேண்டியது 0.025 முதல் 0.05 சதவீதம். அதாவது புட்டியில் இருப்பது 250 முதல் 500 மடங்கு கெட்டி. மூடி எந்தப் புட்டியின் மூடி, பக்கெட் எத்தனை லிட்டர், இதைக் கேட்டால் அங்கே பதில் இல்லை. ஊசி போடும் சிரிஞ்ச் ஒன்றுக்குப் பெரிய விலை இல்லை, மில்லி கணக்கை அதில் அளக்கலாம்.

அமிட்ராஸ் கூடிப்போனால் பெர்மெத்ரின் மாதிரி துடிக்காது, நேர் எதிராக இருக்கும். நாய் சொக்கிப்போய்ப் படுக்கும், எழுப்பினால் தள்ளாடும், இதயம் மெதுவாக அடிக்கும், உடம்பு சில்லிடும், ரத்தத்தில் சர்க்கரை ஏறும். குளித்த அலுப்பில் தூங்குகிறது என்று விட்டுவிடுவார்கள், அங்கேதான் நேரம் போகிறது. இதற்கு மாற்று மருந்து உண்டு, அட்டிபமசோல், யோகிம்பின் என்று, டாக்டருக்குத் தெரியும், ஆனால் எதில் குளிப்பாட்டினீர்கள் என்று நீங்கள் சொன்னால்தான் தெரியும். சின்னக் குட்டிகளுக்கும் சர்க்கரை நோய் உள்ள நாய்க்கும் பூனைக்கும் இது வேண்டவே வேண்டாம். மற்ற நாய்க்கும் டாக்டர் சொன்ன அளவில் கலந்து, கையுறை போட்டு, புண் இல்லாத உடம்பில் தடவி, காயும்வரை நக்கவிடாமல் கூடவே உட்கார வேண்டும். குளிப்பாட்டுகிறவருக்கே சர்க்கரை நோய் இருந்தால் இன்னொருவரைச் செய்யச் சொல்லுங்கள்.

உரக்கடையில் பருத்திக்கும் கத்தரிக்கும் வாங்குகிற பூச்சி மருந்தை நாய்க்குத் தடவுகிற ஊர்களும் மாவட்டத்தில் இருக்கின்றன. அதற்கு விளக்கம் வேண்டியதில்லை, கூடாது. வாயில் நுரை, கண்ணின் பாவை ஊசிமுனையாகச் சுருங்குவது, பேதி, மூச்சுத் திணறல் என்று போய்ச் சேரும். ஆட்டுக்குப் போடுகிற ஐவர்மெக்டின் ஊசியும் ஒன்று இருக்கிறது. அதைக் கண்டுபிடித்ததற்கு 2015இல் நோபல் பரிசு கொடுத்தார்கள், மனிதருக்கும் கால்நடைக்கும் எத்தனையோ நன்மை செய்த மருந்து, ஆனால் நாய்க்கு உண்ணிக்கென்று உள்ள மருந்து அது இல்லை. கோலி போன்ற மேய்ப்பு இன நாய்களில் மூளைக்குள் மருந்து புகாமல் காக்கிற மரபணு ஒன்று பழுதாக இருப்பது உண்டு, 2001இல் கண்டறிந்தார்கள், அந்த நாய்க்கு மற்ற நாய் தாங்குகிற அளவே மயக்கத்தில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும்.

எடை விஷயத்தை யாரும் பெரிதாக எடுப்பதில்லை. அமெரிக்காவில் சொட்டு மருந்து போட்டு நாய்களுக்கு ஆகவில்லை என்ற புகார்கள் 2008இல் திடீரென்று கூடின, அந்த நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை ஆராய்ந்து 2010இல் முடிவைச் சொன்னது. அதிகம் பாதிக்கப்பட்டவை நாலரை முதல் ஒன்பது கிலோ வரையிலான சின்ன நாய்கள், பூனைகளோ நாய் மருந்தை மேலே விட்டதாலும் மருந்து போட்ட நாயோடு பழகியதாலும். இங்கே பாமரேனியனும் பக்கும் வளர்க்கிறவர்கள், பெரிய நாய்க்கான மருந்துக் குழாயை வாங்கி இரண்டு நாய்க்குப் பாதிப் பாதி விடுகிறார்கள், விலை மிச்சம் என்று. பாதி என்பது கண்ணால் பார்த்த பாதி. நாயைத் தூக்கிக்கொண்டு எடை மெஷினில் ஏறுங்கள், பிறகு நீங்கள் மட்டும் ஏறுங்கள், கழித்தால் எடை வந்துவிடும். மருந்து விடும்போது முடியை விலக்கித் தோலில், நாக்கு எட்டாத பிடரி நடுவில், குளிப்பாட்டி இரண்டு நாள் கழித்து. போட்ட பிறகும் இரண்டு நாள் தண்ணீர் காட்ட வேண்டாம். தோலின் எண்ணெய்ப் பசையில்தான் அது உடம்பெல்லாம் பரவுகிறது, ஷாம்பு அந்தப் பசையையே எடுத்துவிடும். ஏற்காடு ஏரியிலோ தோட்டத்து ஓடையிலோ அந்த நாளில் நாயை இறக்கினால் மருந்து தண்ணீரில் போய் மீனுக்கும் வினை.

இப்போது மெல்லுகிற மாத்திரைகள் வந்துவிட்டன, ஃப்ளூரலானர், அஃபாக்சோலானர், சரோலானர், மாதம் ஒன்று அல்லது மூன்று மாதத்துக்கு ஒன்று. பூனையும் நாயும் சேர்ந்திருக்கிற வீட்டுக்கு என் யோசனை பெரும்பாலும் இதுதான், நாயின் மேல்தோலில் எதுவும் இல்லை, பூனை நக்கினாலும் பயமில்லை. உண்ணி கடித்த பிறகுதான் சாகும், அதனால் மறுநாள் உடம்பில் இரண்டு மூன்று பார்த்துவிட்டு மருந்து போலி என்று முடிவு கட்டாதீர்கள், தொட்டுப் பாருங்கள், காய்ந்துபோய் இருக்கும். ஆனால் இதற்கும் ஒரு எச்சரிக்கை உண்டு. 2018 செப்டம்பரில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் இந்த மாத்திரைகளால் சில நாய்களுக்கு நடுக்கமும் தள்ளாட்டமும் வலிப்பும் வரலாம் என்று அறிவித்தது, பெரும்பாலான நாய்களுக்குப் பத்திரமானது என்றும் சேர்த்தே சொன்னது. உங்கள் நாய்க்கு எப்போதாவது வலிப்பு வந்திருந்தால் அதை டாக்டரிடம் சொல்லாமல் இந்த மாத்திரையை வாங்கக் கூடாது.

தெள்ளுப்பூச்சிக்கும் கதை இதேதான், முட்டையும் புழுவும் கூட்டுப்புழுவும் பாயிலும் தரை இடுக்கிலும் கிடக்கும், நாயின் மேல் தெரிவது மிகச் சின்னப் பங்கு. கூட்டுக்குள் இருப்பது மாதக்கணக்கில் தூங்கி, ஆள் நடக்கிற அதிர்வு பட்டதும் வெளியே குதிக்கும், பூட்டிக் கிடந்த வீட்டுக்குள் போனதும் காலைக் கடிப்பது அதனால்தான். நாயின் பின்புறத்தில் அரிசி மாதிரி ஏதாவது ஒட்டியிருந்தால் அது தெள்ளுப்பூச்சியை விழுங்கி வந்த நாடாப்புழுவின் துண்டு, குடற்புழு மருந்தும் கொடுக்க வேண்டும்.

இயற்கை வைத்தியம் என்றால் ஆபத்து இல்லை என்று ஒரு நினைப்பு இருக்கிறது. சூடம் கரைத்த எண்ணெய், பூண்டு, டீ ட்ரீ எண்ணெய், தரை துடைக்கிற பினாயில், இவை நாலும் பூனைக்கு விஷம், நாய்க்கும் நல்லதில்லை. இன்னொரு பயம், செய்தித்தாளில் உண்ணிக் காய்ச்சல் என்று போட்டதும் தெருவில் நாய்களை விரட்ட ஆரம்பித்துவிடுகிறார்கள். அங்கே சொல்வது பெரும்பாலும் ஸ்க்ரப் டைஃபஸ், அதைப் பரப்புவது புதரில் இருக்கிற கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணியின் குஞ்சு, வீட்டு நாயின் மேல் இருக்கிற உண்ணி இல்லை. நாய் உண்ணி நாய்க்குத்தான் முக்கியமாக வினை வைக்கும், எர்லிக்கியா, பபீசியா என்று ரத்தத்தைத் தாக்குகிற கிருமிகளால். ஈறு வெளுப்பது, மூக்கில் ரத்தம், காபி நிறத்தில் சிறுநீர், இதில் எது கண்டாலும் அன்றே ரத்தப் பரிசோதனைக்குக் கொண்டுபோங்கள்.

அந்தப் பூனைக்கு நாங்கள் செய்தது இதுதான். வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம் விட்டுக் கழுவினோம், சுடுதண்ணீர் என்றால் மருந்து இன்னும் வேகமாக உள்ளே இறங்கும், பச்சைத் தண்ணீர் என்றால் உடம்பு விறைக்கும். துண்டில் சுற்றி ஆட்டோவில் ஏறினோம். வாந்தி எடுக்க வைக்க உப்புத் தண்ணீர் ஊற்றலாமா என்று ஆட்டோக்கார அண்ணன் கேட்டார், கூடாது என்று தடுத்தேன், துடிக்கிற பூனைக்கு அது மூச்சுக்குழலில் போகும். டாக்டர் முதலில் கேட்டது பெட்டியைத்தான். பெயரைப் பார்த்ததும் தசையைத் தளர்த்துகிற ஊசியும் குளுக்கோஸும் ஆரம்பித்தார். மூன்று நாள் ஆனது, நான்காவது நாள் தானாக எழுந்து தண்ணீர் குடித்தது. பக்கத்தில் டாக்டர் கிடைக்காத நேரம் என்றால் சேலத்துக்காரர்களுக்குத் தலைவாசல் கூட்டுரோட்டுக் கால்நடை மருத்துவக் கல்லூரியும் நாமக்கல் கல்லூரியும் இருக்கின்றன, எங்கே போனாலும் பெட்டியோ புட்டியோ கையில் இருக்கட்டும்.

அக்கா இப்போது நாய்க்கு மாத்திரைதான் கொடுக்கிறார். ஒவ்வொரு தடவையும் பெட்டியின் அட்டையைக் கிழித்து, மகளிடம் சொல்லி மருந்தின் பெயரைத் தமிழில் எழுத வைத்து, கூடவே தேதியும் நாயின் எடையும் போட்டு, சிமெண்டு பூசின அந்தக் காலண்டர் ஆணியில் குத்தி வைக்கிறார். போன வாரம் பார்த்தபோது அதில் ஏழு அட்டை இருந்தது.